ஜோசபினுக்கு ஒரு பூசை

ஞாயிற்றுக்கிழமை பூசை தொடங்குமுன் உபதேசியார் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, பூசை யார் யாருக்காக என்ற கருத்துகளை வாசித்தார். யாருக்கோ காய்ச்சல் குணமாக, யார் மகனுக்கோ துபாய் விசா கிடைக்க என்று வாசித்துக்கொண்டே வந்தவர், "மறைந்த ஜோசபின் அவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, வேண்டுவோர் பவுல்ராஜ் குடும்பத்தார்" என்றார். பெண்கள் பக்கத்தில் இருந்த ரோஸ்லினின் தலை வெடுக்கென்று திரும்பியது. அவள் புருசன் பவுல்ராஜ் பீடத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. அந்த நேரத்தில் அவருக்குப் பக்தியை விட்டால் வேறு போக்கிடம் ஏது?

ஜோசபின் அவருக்கு அக்காளும் இல்லை, அத்தையும் இல்லை. லண்டனில் 'ஹார்பர் லேன்' என்றொரு ரெகே பாட்டுக் குழு, அதில் பாடுகிறவள். வியாழக்கிழமை செத்துப்போனதாகப் போனில் செய்தி வந்தது. மரக்காணம் உப்பளத்தில் டீசல் இன்ஜின் ரிப்பேர் பார்க்கிற மனுசனுக்கும் லண்டன் பாட்டுக்காரிக்கும் என்னய்யா ஒட்டு என்று கேட்பீர்கள். கல்யாணத்துக்கும் முந்தின ஒட்டு அது. பொம்மையார்பாளையத்தில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டு மோட்டாரைச் சரிசெய்யப் போயிருந்தார். உள்ளே டேப் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் டேப்பில்தான் கோளாறு என்று நினைத்தார். தாளம் விழவேண்டிய இடத்தைச் சும்மா விட்டுவிட்டு, அதற்கடுத்த இடத்தில் தட்டிக்கொண்டு, அவசரமே இல்லாமல் போயிற்று. அடி தவறும் இன்ஜினைக் கேட்டால் கை துறுதுறுக்கும் ஆசாமி அவர். இதுவோ தவறிக்கொண்டே ஒழுங்காக ஓடியது. அதன்மேல் அந்தக் குரல். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, காலை நீட்டி உட்கார்ந்த பொம்பளை தனக்குத்தானே பாடிக்கொள்கிற மாதிரி கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் சலிப்பு. ஸ்பேனரும் கையுமாக அவர் வாய்பிளந்து நிற்பதைப் பார்த்துச் சிரித்த வெள்ளைக்காரர், கூலியோடு கேசட்டையும் கொடுத்தனுப்பினார்.

அதெல்லாம் ஒரு காலம். சைக்கிள் கேரியரில் டேப்ரிக்கார்டரைக் கட்டிக்கொண்டு உப்பளத்துக்குப் போவார். உப்பு சுமக்கும் பெண்கள், "பவுலு, உன் ஆளப் பாடச் சொல்லு" என்று கிண்டலடிப்பார்கள். கண் கூசும் மத்தியான வெயிலில், பாத்திகளுக்கு நடுவே ஜோசபின் பாடிக்கொண்டிருப்பாள். ஆங்கிலத்தில் அவருக்குப் பிடிபட்டது மழை, வீடு, அம்மா என்று நாலைந்து சொல்தான். மிச்சத்தை அவரே இட்டு நிரப்பிக்கொண்டார். அவர் அப்பா செத்த வருசம் அவள் அப்பாக்களைப் பற்றிப் பாடினாள். மகள் பிறந்தபோது பிள்ளைகளைப் பற்றி. கல்யாணமாகி வந்த ரோஸ்லின் மட்டும் ஒரு பாட்டு முழுக்கக் கேட்டுவிட்டு, "ஏங்க, இந்தம்மா இப்பத்தான் தூங்கி எழுந்துச்சா?" என்றாள். அன்று முதல் அவள் வாயில் ஜோசபினுக்குப் பேர், 'உங்க தூங்குமூஞ்சி'.

செய்தி வந்ததிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி ரோஸ்லின் தட்டை நகர்த்திவிட்டுச் சொன்னாள்: "எங்கப்பா செத்த அன்னிக்கு ரெண்டாந்தரம் ரசம் ஊத்தச் சொன்ன ஆளு நீங்க. இப்ப யாருக்கோ பட்டினி கெடக்குறீங்க."

அது உண்மைதான். ஆனால் சொந்தக்காரன் செத்தால் ஊர் வந்து உட்காரும். பாட்டுக்காரி செத்தால் யாரைக் கட்டிக்கொண்டு அழுவது? அவள் பேரை யாராவது ஒருதரம் வாய்விட்டுச் சொன்னால் போதும் என்று இருந்தது. சனிக்கிழமை உபதேசியாரிடம் போய் நின்றார்.

"ஏம்பா பவுலு, ஞானஸ்நானம் வாங்குனவங்கதான?"

"பேரே ஜோசபின்ங்க."

உபதேசியார் எழுதிக்கொண்டார்.

இந்தக் கடற்கரையில் முகம் தெரியாத ஒரு ஜோசபின் செத்தால், ஊர் யோசிக்கவே யோசிக்காது. பாண்டிச்சேரியிலிருந்து பிரான்சுக்குப் போய்விட்ட சொந்தக்காரியாகத்தான் இருக்கவேண்டும். பூசை முடிந்து வீட்டுக்கு வந்து பவுல்ராஜ் சட்டையைக் கழற்றுவதற்குள், பக்கத்துத் தெரு ஆனந்தம்மாள் இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு துக்கம் விசாரிக்க வந்துவிட்டாள். ரோஸ்லின் கூடத்தில் பாயை விரித்தாள்.

பவுல்ராஜ் உள்ளறைக் கதவுக்குப் பின்னால் நின்றுவிட்டார். ரோஸ்லின் வாய் லேசுப்பட்ட வாய் இல்லை. விஷயத்தைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் கிளியனூர் வரைக்கும் சிரிக்கும். தனக்குப் பட்டப்பேர் வைத்தால் வைத்துவிட்டுப் போகட்டும். செத்தவளை வைத்துச் சிரிப்பார்களே என்றுதான் அவருக்குப் பயம்.

"ஒரு வார்த்த சொல்லலியேம்மா ரோஸ்லினு. யாரு, உன் நாத்தனாரா?" என்று ஆனந்தம்மாள் தொடங்கினாள்.

"நாத்தனார் இல்லக்கா."

"அப்ப என்ன முறை?"

ரோஸ்லின் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள்.

"முறைன்னு என்னத்தச் சொல்றது. நான் வாழ வர்றதுக்கு முன்னாடியே இந்த வீட்ல அவங்க இருந்தாங்க. நல்லாப் பாடுவாங்க. இவருக்கு ரொம்ப வேண்டியவங்க."

"ஐயோ பாவமே. எப்படிம்மா?"

"நுரையீரல்ல தொந்தரவு. மூச்சு விடவே கஷ்டப்பட்டாங்களாம். அந்த நெலமையிலயும் ஆஸ்பத்திரியில பக்கத்து பெட்டுக்காரங்க கேட்டா மெதுவாப் பாடுவாங்களாம்."

பவுல்ராஜ் கதவிடுக்கில் கண்ணை வைத்தார். இதில் ஒன்றையும் அவர் அவளிடம் சொல்லவில்லை. பாதி அவருக்கே தெரியாது. இவளாகப் போனில் தேடி, யாரையோ கேட்டுப் புரிந்துகொண்டிருக்கிறாள். எப்போது செய்தாள் இதையெல்லாம்?

ஆனந்தம்மாளுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. எவள் செத்தால் என்ன, மூச்சுக்குத் தவித்துச் செத்திருக்கிறாளே. "கடல் தாண்டிப் போனவளே, கண்ணால பாக்கலியே" என்று இழுத்துப் பாடி அழ ஆரம்பித்தாள். கூட வந்தவர்களும் மூக்கைச் சிந்தினார்கள்.

"ஏங்க, வெளிய வாங்க. உங்களத்தான் பாக்க வந்திருக்காங்க" என்றாள் ரோஸ்லின்.

அவர் வந்து நின்றார். பித்தான் கழற்றிய சட்டையோடு, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். ஆனந்தம்மாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "ஜோசபினு போயிட்டாளேப்பா" என்றாள். அவ்வளவுதான், வியாழக்கிழமையிலிருந்து அடைத்துக்கிடந்தது உடைந்து, மனுசன் குழந்தை மாதிரி விசும்பினார்.

ரோஸ்லின் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, பாயில் சற்று நகர்ந்து, அவர் உட்கார இடம் விட்டாள்.