படகுத் தூக்கிக்கு ஒரு பேட்டரி

ஒரு சட்டை எடுக்கப் போனாலே கடைக்காரரைக் கண்கலங்க வைத்துவிடுகிற மனிதர் அவர். தொழில் அப்படி. கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க ஒரு லென்ஸை மாட்டி, அதைக் கழற்றி இன்னொன்றை மாட்டி, "முதல்ல காட்டினது தெளிவா இருக்கா, இப்பக் காட்டறதா?" என்று கேட்டுக் கேட்டு, வீட்டிலும் எதையும் ஒரே தடவையில் முடிவு செய்ய வராமல் போய்விட்டது. அவரிடம் போய் பேட்டரி வாங்கும் பொறுப்பை ஒப்படைத்தார்கள் மனைவியும் தங்கையும்.

வீடு ஏரிக்கரையில். அண்ணனுக்கும் தங்கைக்கும் பொதுவாக ஒரு படகு. தண்ணீரிலேயே விட்டால் அடியில் பாசி ஏறும் என்று துறையில் ஒரு தூக்கி வைத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் இரும்புத் தூண், நடுவே படகு உட்காரும் தொட்டில், கம்பிவடத்தைச் சுற்றி இழுக்க ஒரு மோட்டார். துறைவரை கரண்ட் கிடையாது. மோட்டாரை ஓட்டுவது பேட்டரி. பேட்டரிக்குச் சாப்பாடு போடுவது துறைக் கூரைமேல் இருந்த சோலார் பேனல். பழைய பேட்டரி வயதாகி உயிரை விட்டிருந்தது.

"லித்தியமே வாங்கிடு அண்ணா. எடையும் இல்ல, தண்ணி ஊத்துற வேலையும் இல்ல," என்றாள் தங்கை. அவள் பள்ளியில் விளையாட்டு டீச்சர். விசில் ஊதியதும் உலகம் ஓட ஆரம்பித்துவிட வேண்டும் அவளுக்கு.

"அதெல்லாம் சரி. உள்ள என்ன நடக்குதுன்னு பார்க்க முடியாதே. மூடியைத் திறந்தா தண்ணி கண்ணுக்குத் தெரியணும், எனக்கு அப்பதான் நிம்மதி."

"என்னை மட்டும் எப்படிங்க ஒரு தடவை பார்த்துட்டு முடிவு பண்ணினீங்க?" என்றாள் மனைவி.

"உங்க அப்பா யோசிக்க விட்டாத்தானே?"

தங்கை சிரித்த சிரிப்பில் கரையில் இருந்த நாரை பறந்துவிட்டது. ஆனால் பேட்டரி வந்தபாடில்லை. அவர் கடை கடையாக ஏறி இறங்கினார். விலைப்பட்டியல்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பினார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த தங்கை, ஒரு விடுமுறை நாளில் தன் காரின் பேட்டரியைக் கழற்றிக் கொண்டுவந்து தூக்கியில் மாட்டிவிட்டாள்.

அது ஏற்றவும் செய்தது, இறக்கவும் செய்தது. "பாத்தியா?" என்பதுபோல் அண்ணனை ஒரு பார்வை பார்த்தாள். மறுபடி ஏற்றி இறக்கி, அண்ணியையும் கூட்டிக்கொண்டு ஏரியை ஒரு சுற்று சுற்றிவந்தாள். இருவரும் படகில் உட்கார்ந்தபடியே தூணிலிருந்த பொத்தானை அழுத்தினார்கள். தொட்டில் பாதி உயரம் வந்தது. மோட்டார் ஒரு முனகல் முனகிவிட்டு நின்றது.

மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. துறைப் பலகைக்கு எட்டிக் கால் வைக்கவும் முடியவில்லை. குதிக்கலாம்தான், மனைவி புதுச் செருப்பு போட்டிருந்தாள்.

அவர் துறையில் வந்து நின்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து, தான் பேசி முடிக்கிறவரை இந்த இருவரும் எழுந்து போக முடியாத ஒரு சந்தர்ப்பம் அவருக்கு வாய்த்ததே இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கார் பேட்டரி இருக்கே, அது இன்ஜினைக் கிளப்ப ஒரே மூச்சுல பலத்தைக் கொட்டும். அதோட அதுக்கு வேலை முடிஞ்சுது. இது அப்படி இல்ல. நின்னு நிதானமா இழுக்கணும், இறங்கணும், வெயில்ல மறுபடி ஏறணும். அதுக்குன்னே டீப் சைக்கிள்னு தனி ரகம் இருக்கு. அதோட சார்ஜையும் பாதிக்குக் கீழ இறங்க விடக்கூடாது..."

"ஏங்க, மோட்டார்ல கைப்பிடி போட்டுக் கையால சுத்தி இறக்கலாமில்ல?"

"சுத்தலாம். பேசி முடிச்சிடறேன்."

"அண்ணா, எனக்குத் தலை சுத்துது. முதல்ல அந்தப் பேச்சை நிறுத்து."

கடைசியில் சுற்றினார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. இறங்கி வந்த மனைவி முந்நூறு முறை கேட்டுவிட்டவள்போல் ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "வாங்குங்க."

மறுநாளே வாங்கினார். மூடி திறந்து தண்ணீர் பார்க்கிற, டீப் சைக்கிள் ரகம்தான். தூக்கிக்கொண்டு வரும்போது இடுப்பு பிடித்துக்கொண்டதை யாரிடமும் சொல்லவில்லை. காற்றுப் போக ஓட்டை வைத்த பெட்டிக்குள் அதை உட்காரவைத்து, டிஸ்டில்ட் வாட்டர் அளவு பார்த்து, முனைகளைத் தேய்த்து வாசலின் தடவி, குழந்தையைக் குளிப்பாட்டித் தொட்டிலில் போட்டவர்போல் எழுந்தார். படகு வழுக்கிக்கொண்டு ஏறியது. கொஞ்ச நாள் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

பிறகு ஒரு காலையில் மோட்டார் மறுபடி முனகியது.

அவருக்கு முகம் செத்துவிட்டது. மீட்டரை வைத்துப் பார்த்தார். பேட்டரி காலி. வயரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்தார், எங்கும் அறுந்திருக்கவில்லை. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று போனை எடுத்தபோது தங்கை ஏணியில் ஏறிக் கூரையை எட்டிப் பார்த்தாள்.

"அண்ணி, இங்க வந்து பாருங்களேன். பேனல் போர்த்திக்கிட்டுத் தூங்குது!"

பேனலின்மேல் அளவெடுத்துத் தைத்த ஒரு சாம்பல்நிற உறை. நாலு மூலையிலும் அழகாக நாடா கட்டியிருந்தது. காய்ந்த பறவை எச்சத்தைத் துடைக்கப்போய்க் கண்ணாடியில் கீறல் விழுந்துவிடக்கூடாதே என்று போன வாரம் அவரே தைக்கக் கொடுத்து, அவரே மாட்டியது. பகலில் கழற்றவேண்டும் என்பது மட்டும் நினைவில்லை.

அவர் போனை மெதுவாகப் பைக்குள் போட்டுக்கொண்டார். அசடு வழிந்தது.

"வெயில் படக்கூடாதுன்னு குடை பிடிச்சிருக்கீங்க," என்றாள் மனைவி. "சோலாருக்கு!"

"கீறல் விழுந்தா..."

"கறுப்புக் கண்ணாடி ஒண்ணு மாட்டிவிட்டிருக்கலாமே, கடையில நிறைய இருக்கே?"

அவராலும் அடக்க முடியவில்லை. பலகையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தங்கை ஏணியிலிருந்து இறங்க முடியாமல் சிரித்தாள்.

பேட்டரியை வீட்டுக்குத் தூக்கிப்போய் சார்ஜரில் போட்டார்கள். இந்தத் தடவை ஒரு பக்கம் தங்கை பிடித்தாள். "உன் இடுப்பு வலி எனக்குத் தெரியும், நீ விந்தி விந்தி நடந்ததைப் பார்த்தேன்," என்றாள். பட்டினி கிடந்தது அதிக நாள் இல்லை என்பதால் பேட்டரி பிழைத்துக்கொண்டது. பேனலை ஈரத்துணியால் துடைக்கிற வேலையை மனைவி எடுத்துக்கொண்டாள். முனைகளில் பச்சைக் களிம்பு பூக்கிறதா என்று பார்ப்பது தங்கை பாடு. தண்ணீர் அளவு மட்டும் அவருக்கு. மாதம் ஒரு முறை போதும் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். இவர் வாரா வாரம் டார்ச்சோடு குனிந்து பார்க்கிறார்.