பரண்மேல் இருந்த மல்லாட்டை

தேவயானிக்கு அந்தச் சமையலறையைக் கண்டாலே எரிச்சல். இரண்டு பேர் நின்றால் முட்டிக்கொள்ளும் இடத்தில் எத்தனை ஓட்டை டப்பா, எத்தனை கட்டைப்பை! ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் கீழே இறக்கிப் பாதியைத் தூக்கி எறிந்தாள். மீதியைப் புது பிளாஸ்டிக் டப்பாக்களில் கொட்டி வரிசையாக அடுக்கினாள். பரண்மேல் ஒரு பை நிறைய மல்லாட்டைப் பயறு, உரித்த வேர்க்கடலை, கிடந்தது. மறுநாள் காலையில் அதில் கொஞ்சம் வறுத்து, தோலைத் தேய்த்து ஊதி, வெல்லம் சேர்த்து உருண்டை பிடித்து, மகள் தன்ஷிகாவுக்குக் கொடுத்தனுப்பினாள்.

மத்தியானம் கழனியிலிருந்து வந்த கணவன் வெற்றிவேல் பரணை அண்ணாந்து பார்த்தான்.

"மேல இருந்த பை எங்க?"

"டப்பாவுல கொட்டிட்டேன். பாப்பாவுக்குக் கொஞ்சம் உருண்டை புடிச்சிக் குடுத்தேன்."

"அய்யோ, மழை வந்தா வெதைக்கலாம்னு பூச்சி மருந்து கலந்து வெச்ச வெதைடி அது!"

"கையில செவப்பா ஒட்டுச்சி. தோலுன்னு நெனச்சேனே..."

பள்ளிக்கூடத்தில் யாரும் போனை எடுக்கவில்லை. வெற்றிவேல் தேவயானியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, வளவனூர் கடைத்தெரு வழியாக வண்டியை விரட்டினான்.

தன்ஷிகா வகுப்பு வாசலில் நின்றிருந்தாள். தேவயானி அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"உருண்டை தின்னியாடி?"

"இல்லம்மா. எனக்குதான் மல்லாட்டை புடிக்காதே."

தேவயானி மகளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அவள் தோளுக்கு மேலாக, பெஞ்சில் திறந்து கிடந்த காலி டப்பா தெரிந்தது.

"எல்லாருக்கும் குடுத்துட்டேன்மா. சூப்பரா இருக்குன்னு மிஸ்ஸே சொன்னாங்க."