நாற்பத்தோராம் பக்கத்துத் தவறு

அந்தக் கணிதப் பேராசிரியர் பேர் வாங்கியதே ஒரு தேற்றத்தால்தான். இயற்கணித வடிவியலில், வளைபரப்புகளைப் பற்றிப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் அவர் நிறுவியது. அதை நம்பிப் பிறர் எழுதிய கட்டுரைகளே முப்பது இருக்கும். சென்ற வாரம் வகுப்புக்காகத் தம் பழைய கட்டுரையைப் புரட்டியவர் நாற்பத்தோராம் பக்கத்தில் திகைத்துப்போனார். பரப்பில் எங்கும் கூர்முனை இல்லையென்று தன்னையறியாமல் எடுத்துக்கொண்டிருந்தார். கூர்முனை இருந்தால் நிரூபணம் நிற்காது. நான்கு நாள் முட்டிமோதியும் ஓட்டை அடைபடவில்லை.

"இத்தனை வருஷமா யாரும் கவனிக்கல சார். பேசாம விட்டுடுங்க," என்றார் பக்கத்து அறைப் பேராசிரியர்.

"நான் கவனிச்சுட்டேனே."

ஆய்விதழுக்கும், அந்த முப்பது கட்டுரைகளை எழுதியவர்களுக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதி முடிப்பதற்குள் விரல் மரத்துப்போயிற்று.

வீட்டில் மகள் பதறினாள். "வேலைக்கு எதுவும் ஆகாதில்லப்பா?"

"வேலைக்கு ஒண்ணும் ஆகாதும்மா. பத்தொன்பது வருஷம்தான் போச்சு."

சிரிப்பதா வேண்டாமா என்று அவள் விழித்தாள். அவர் சட்டையைக்கூட மாற்றாமல் நாற்காலியிலேயே தூங்கிப்போனார்.

மறுநாள் முதல் பதில் வந்தது. தம் கட்டுரையும் சேர்ந்து விழுந்துவிட்டதாகவும், சொன்னதற்கு நன்றியென்றும் ஒருவர் எழுதியிருந்தார்.