காயாத பச்சை

சுவரில் இருந்த குழந்தைப் படத்தை எடுத்துவிடச் சொன்னது அண்ணிதான். மாசமாக இருப்பவள் தினமும் அழகான முகத்தில் விழிக்க வேண்டும் என்று அம்மா ஒட்டிவைத்தது. கொழுத்த கன்னம், நெற்றியில் சுருள்முடி.

“ரெண்டு தடவையும் இதத்தான் பாத்துட்டுப் படுத்திருந்தேன், சௌமி. ரெண்டும் தங்கல. நீ கிளாஸ்ல வரையறியே ஒரு வெள்ளக்காரம்மா, அவங்கள கொண்டாந்து வை.”

மேகலா அண்ணிக்கு இது ஏழாம் மாதம். கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்கு மறுக்க வாய் வரவில்லை. ஓசூர் மாலை வகுப்பில் நான் நகலெடுப்பது, ஐந்நூறு வருடங்களுக்கு முன் இத்தாலியில் ஒரு பெரிய ஓவியர் வரைந்த பெண்ணை. அச்சுப்படத்தின் மேல் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமாக அளந்து கேன்வாஸில் ஏற்றியிருந்தேன். கம்பெனியில் உதிரிபாகங்களை அளந்து பார்க்கும் வேலை. அதனால் அளக்கத் தெரியும். வரையத் தெரியுமா என்பது வேறு. அந்தக் காலத்து முறைப்படி முகத்துக்கு முதலில் மங்கலான பச்சை அடிக்க வேண்டும். அது நன்றாகக் காய்ந்த பிறகுதான் தோல் நிறம். அடியில் பச்சை இருந்தால்தான் மேலே வைக்கும் சிவப்பில் ரத்த ஓட்டம் தெரியும். என் படம் பச்சையோடு நின்றிருந்தது. இதை அண்ணியிடம் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். கேன்வாஸின் ஈரம் யார் மேலும் படாமல் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் கெலமங்கலம் வீட்டுக்கு வந்து சேரும்வரை அதைத்தான் யோசித்தேன்.

அம்மா பார்த்ததும் கத்தினாள். “அடியே, என்னாத்துக்குடி இது? புள்ளத்தாச்சி இருக்கற வீட்டுக்குப் பொணத்தக் கொண்டாந்திருக்கியே!”

“காயணும்மா. அப்பறம் தோல் கலரு வரும்.”

“எப்ப?”

வெளியே தூறல் விடவில்லை. “தெரியலம்மா.”

அண்ணி மட்டும் சிரித்தாள். “இருக்கட்டும் அத்தை. என்னாட்டமே ஒரே எடத்துல கெடந்து பாசி புடிச்சிருக்காங்க.”

பிறகு தினமும் கேட்டாள், காய்ந்துவிட்டதா என்று. நான் ஓரத்தில் விரல் வைத்துப் பார்ப்பேன். ஒட்டும். நேற்று சொன்னாள்: “அந்த மொகத்துக்கு சதக் கலரு வந்துட்டா இது தங்கிடும்னு தோணுது. பைத்தியமாட்டம் பேசறேன், இல்ல?”

இன்று அவசரப்பட்டேன். காயாத பச்சையின் மேலேயே சிவப்பும் வெள்ளையும் குழைத்துக் கன்னத்தில் வைத்தேன். பிரஷ் போன இடமெல்லாம் பச்சை கிளம்பி வந்து கலந்தது. கன்னம் அடிபட்டுக் கன்றிப்போனது போல ஆயிற்று. துடைத்தேன், கண்வரை பரவியது. கட்டிலிலிருந்து தெரியாதபடி உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றேன்.

“சௌமி,” என்றாள் அண்ணி, கூரையைப் பார்த்தபடி. “காலைல இருந்து அசையவே இல்ல. அத்தைகிட்ட சொல்லாத, கத்துவாங்க.”

சொன்னேன். அம்மா கத்தவில்லை. அண்ணனுக்கு ஃபோன் போட்டாள். அண்ணன் ஷிப்டுக்குள் போகும்போது ஃபோனை ஃபாக்டரி கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். மணி போய்க்கொண்டே இருந்தது. நான் ஆம்புலன்ஸுக்கு அடித்தேன், கிளம்பிவிட்டதாகச் சொன்னார்கள். அம்மா வாசலுக்குப் போய்த் தெருமுனையைப் பார்த்து நின்றாள்.

“நீ தொட்டுப் பாரு. எனக்கு பயமா இருக்குது.”

அண்ணி என் கையை இழுத்து வயிற்றில் வைத்துக்கொண்டாள். கை கழுவியிருக்கவில்லை. நைட்டியில் பச்சையும் சிவப்பும் ஒட்டின. உள்ளங்கைக்குக் கீழே ஏதோ துடித்தது. மூச்சை அடக்கினேன். மறுபடியும் துடித்தது.

“தெரியுதா?”

அந்தத் துடிப்பு என் விரல்களிலிருந்தே வருகிறதோ என்னவோ. கையை எடுக்காமல் இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டேன்.