தெரென்தியின் உடம்புச் சூடு

தெரென்தியின் உடம்புச் சூடு முழுவதும் அவருடைய லாரிக்குப் போய்ச் சேர்ந்த அன்று வெளியே மைனஸ் ஐம்பத்தெட்டு டிகிரி. கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சி போன பிறகு வந்த மூன்றாவது குளிர்காலம் அது. டீசல் ஏற்றிவந்த படகு செப்டம்பரிலேயே ஆற்றோடு உறைந்து நின்றுவிட்டது. எங்கள் ஊரான ஹாரியா-குயெலில் ஓடுகிற லாரி அவருடையது ஒன்றுதான். அதன் டாங்கில், இருநூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிடங்குக்கு ஒரு முறை போய் நிலக்கரி ஏற்றித் திரும்பும் அளவுக்கே டீசல் இருந்தது. கிடங்குக்கோ நிலக்கரி இன்னும் வரவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அறுபத்து மூன்று வீடுகளுக்கும் குழாய்வழியே சூடு அனுப்பும் கொதிகலனில் இரண்டு வாரக் கரி மிச்சம்.

அக்டோபரில் முடுக்கிய எஞ்சினை ஏப்ரலில் அணைப்பதுதான் எங்கள் வழக்கம். நடுவில் அணைத்தால் ஆயில் தாராகும், டீசல் கூழாகும், பனி உருகும்வரை லாரி வெறும் இரும்பு. ஆனால் ஓடவிட்டால் ஐந்து நாளில் டாங்க் காலி. ஆகவே ஒரு முற்பகலில் தெரென்தி அதை அணைத்தார். அவர் வீட்டு முற்றத்தில் சத்தம் நின்றதும் தெருவே வெளியே வந்து பார்த்தது. அவர் எஞ்சினுக்குக் கம்பளிகளைப் போர்த்தினார், வீட்டு மெத்தையையும் போர்த்தினார், பிறகு அவற்றுக்கு அடியில் புகுந்து எஞ்சின்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டார்.

அவர் மனைவி அகாஃப்யா, பள்ளிச் சமையல்காரி, இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"இருபது வருசத்துல என்னை ஒருநாளாச்சும் இப்படிக் கட்டிப்புடிச்சிருக்கியாய்யா?"

"நீதான் தானாவே சூடா இருப்பியேடி" என்று போர்வைக்குள்ளிருந்து பதில் வந்தது.

அவள் குதிரைக்கறிச் சூப்பு கொண்டுவந்தபோது எஞ்சின் பிள்ளையின் நெற்றிபோல வெதுவெதுப்பாக இருந்தது. வெளியே வந்த தெரென்தி அடுப்பருகே உட்கார்ந்தார். புருவத்துப் பனி உருகவில்லை. நர்ஸ் ரிம்மாவின் காய்ச்சல்மானியில் பாதரசம் அசையாததால், குழந்தைகளைக் குளிப்பாட்டும் தண்ணீரில் வைக்கும் மானியைக் கொண்டுவந்து வைத்தாள். பத்தொன்பது டிகிரி.

"எங்கயாச்சும் வலிக்குதா மாமா?"

"வெக்கமா இருக்கு. வேற ஒண்ணுமில்ல."

அடுத்த பதினொரு நாளும் அந்த லாரிமேல் பனி தங்கவில்லை. ஊர் நாய்கள் அதன் அடியில் வந்து படுத்தன. கடந்துபோகிறவர்கள் கையுறையைக் கழற்றி ஒரு கணம் அதைத் தொட்டுவிட்டு, கோயிலில் பேசுவதுபோலத் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டு போனார்கள். தெரென்தியின் கையில் தேநீர் ஏடு கட்டுவதற்குப் பதில் பனிக்கட்டி கட்டியது. பக்கத்தில் படுத்த அகாஃப்யாவுக்குப் பல் கிட்டியதைப் பார்த்து அவரே எழுந்து, உறைந்த மீன் அடுக்கியிருக்கும் அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டார். மறுநாள் அவள் சமைத்த பள்ளிக்கூடச் சாப்பாட்டில் உப்பே இல்லை. பிள்ளைகள் தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள்.

பன்னிரண்டாம் நாள் கிடங்குக்குக் கரி வந்த செய்தி ரேடியோவில் வந்தது. முதல் திருகலிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. கூப்பிடாமலே அகாஃப்யா ஏறி உட்கார்ந்தாள்.

"நீ எங்கடி வர்ற?"

"ஸ்டியரிங்கப் புடிச்சபடியே நீ விறைச்சுப்போனா, கரிய யாரு கொண்டாருவா? ஓட்டு."

போனார்கள், ஏற்றினார்கள். திரும்பும்போது, பாதையாயிருந்த ஆற்றுப் பனிக்கட்டி விரிசல்விட்டுத் தண்ணீர் மேலேறியிருந்ததால் காட்டைச் சுற்றி வர வேண்டியதாயிற்று. ஊருக்கு நாற்பது கிலோமீட்டர் இருக்கையில் டீசல் தீர்ந்து லாரி நின்றது. தெரென்தி இறங்கி எஞ்சின்மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார். அவர் கண்ணெதிரே இரும்பின்மேல் வெண்பனி படர்ந்தது.

"எங்கிட்ட இனிமே ஒண்ணுமில்ல அகாஃப்யா."

"நவுரு."

அவள் ஆட்டுத்தோல் கோட்டைத் திறந்து, மார்பையும் கன்னத்தையும் இரும்பில் பதித்தாள். சாப்பாட்டு வரிசையில் முரண்டு பண்ணும் பிள்ளையிடம் சொல்வதுபோல, "இந்தா, வாங்கிக்க. வாங்கிட்டுக் கெளம்பு" என்றாள். பனி கரைந்து வழிந்தது. எஞ்சின் ஓடத் தொடங்கியது.

சொட்டு டீசல் இல்லாமல் அந்த லாரி நாற்பது கிலோமீட்டர் வந்தது. ஊர் எல்லையில் நின்றிருந்த நாங்கள் எல்லோரும் பார்த்தோம்: புகைபோக்கியில் கறுப்புப் புகை இல்லை, மனித மூச்சுப்போல வெள்ளை ஆவி வந்தது, அதில் புது ரொட்டியின் வாசனை. அத்தனை குளிரிலும் ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். கொதிகலன்காரன் கடைசி மண்வெட்டிக் கரியைப் போட்டு அரைமணி ஆகியிருந்தது. தண்ணீர் உறைந்து குழாய் ஒன்றுகூட வெடிக்கவில்லை.

அன்று அகாஃப்யாவின் உடம்பிலும் பத்தொன்பது டிகிரிதான் இருந்தது. மீன் அறையிலிருந்து அவளே படுக்கையை இழுத்துக்கொண்டு வந்து பழைய இடத்தில் போட்டாள். தெரென்தி கூச்சத்தோடு அவள் தோளில் கை வைத்தார். இருவருக்கும் ஒரே குளிர் என்பதால் அவளுக்கு அந்தக் கை இதமாக இருந்தது. "இப்பத்தான்யா மனுசன் கை மாதிரி இருக்கு" என்றாளாம்.

இருவரும் இன்றும் நலமாக இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்கு விருந்துக்குப் போகிறவர்கள் கைகுலுக்கும்போது கையுறையைக் கழற்றுவதில்லை. அதை யாரும் மரியாதைக்குறைவாக எடுத்துக்கொள்வதுமில்லை.