விசில் அடிச்சது யாரு?

பறவைச் சங்கத்தில் அவனுக்குக் கப்சா என்று பேர். வேறொன்றுமில்லை, வேலிமேல் வெள்ளை ஆந்தை உட்கார்ந்திருக்கிறது என்று ஒருமுறை எல்லோரையும் திரட்டிக்கொண்டு போனான். போய்ப் பார்த்தால், மனைவி காயப்போட்ட தலையணை உறை. அதிலிருந்து அந்த மெக்கானிக் வாயைத் திறந்தாலே சங்கம் சிரித்தது. இப்போது, பட்டறைக்குப் பின்னாலுள்ள மணல்வெளியில், ஊரில் யாருமே பார்த்திராத பாலை வானம்பாடியைப் பார்த்தேன் என்று சொல்லிவிட்டான். சங்கத் தலைவரான பல் டாக்டர் நேரிலேயே வந்துவிட்டார். இதுவும் புஸ்ஸென்று போனால் காலத்துக்கும் கப்சாதான்.

பறவை என்னவோ இருந்தது. மணல் நிறம், வளைந்த அலகு, நீளக் கால். குடுகுடுவென்று ஓடும், சட்டென்று நிற்கும், மணலைக் கிண்டிப் புழுவை இழுக்கும், மறுபடி ஓடும்.

"நெட்டைக்காலிக் குருவியும்தான்யா ஓடும். பறந்தா இறக்கையில கறுப்பும் வெள்ளையும் தெரியணும்," என்றார் டாக்டர்.

அவன் கைதட்டினான். துண்டை வீசினான். அந்தச் சனியன் ஓடியதே தவிரப் பறக்கவில்லை.

"கால்நடையா இருக்கும்ங்க," என்றாள் வாசலில் நின்ற மனைவி.

டாக்டர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"சரி, பாட்டாவது கேட்டியா? விசில் மாதிரி, இழுத்து இழுத்து அடிக்குமே?"

பட்டறை இரைச்சலில் அவனுக்கு எது கேட்டது?

"விசிலா? அது இவரு என்னைக் கூப்பிடுறதாச்சே. டீ வேணும்னா அடிப்பாரு," என்றாள் மனைவி.

"நான் எங்கடி அடிச்சேன்? எனக்கு விசிலே வராது. நீயாத்தானே டீ கொண்டு வர்றே?"

அந்த நேரம் பார்த்துப் பறவை விசிலடித்தபடி ஜிவ்வென்று மேலே எழும்பியது. கறுப்பும் வெள்ளையுமாக இறக்கை பளிச்சிட்டது. உச்சியில் ஒரு புரளு புரண்டு, சரிந்து மணலில் இறங்கியது.

"அதேதான்யா! உன்னைப் போய்க் கப்சான்னுட்டோமே!" டாக்டர் அவன் கையைக் குலுக்கினார். "செயலாளருக்குப் போன் போடுறேன், உன் வாயாலயே சொல்லு."

மனைவியின் முகம் விழுந்துவிட்டது. "இந்த மனுஷன் ஆசையாக் கூப்பிடுறாருன்னு ஓடி ஓடி வந்தேனே. ஒரு குருவி பேச்சைக் கேட்டா டீ போட்டேன்?" வெடுக்கென்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

டாக்டர் நீட்டிய போனில் செயலாளர் 'ஹலோ, ஹலோ' என்று கத்திக்கொண்டிருந்தார். அவன் அதை வாங்காமல் கதவுப் பக்கம் ஓடினான். "நான்தான்டி அடிச்சேன்! சத்தியமா நான்தான்!" பொய்யன் இல்லை என்று நிரூபித்த கையோடு ஒரு பொய்.

"அப்ப இப்ப அடிங்க, பார்ப்போம்."

உதட்டைக் குவித்து மூச்சுமுட்ட ஊதினான். வெறும் காற்றுதான் வந்தது. கதவு திறந்தது.