முன்னாலேயே எழுதிய முப்பத்தெட்டு

"மாமாவுக்கு வலிச்சா யாருக்குத் தெரியும்?"

அப்படிக் கேட்டபோது அந்தப் பெண்ணுக்கு ஏழு வயது. பேச்சு வராத தாய்மாமனை அவளும் அம்மாவும் அன்றுதான் இல்லத்தில் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். தம்பியின் சட்டைகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்த அம்மா, சும்மா இரு என்று அதட்டினாள். படுக்கை விரித்துக்கொண்டிருந்த பராமரிப்புப் பெண்தான் திரும்பிப் பார்த்து, "எனக்குத் தெரியும்டா கண்ணு" என்றாள்.

அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர்கள் ஆறு பேர் வாழும் இல்லம் அது. அவர்களில் பேசத் தெரிந்தவர்கள் அந்தப் பராமரிப்புப் பெண்ணைப் பெரியக்கா என்பார்கள். மாமாவுக்குக் கேப்டன் என்று பெயர் விழுந்தது. வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் சல்யூட் வைப்பார். வலித்தால் அழமாட்டார், கண்ணைச் சுருக்கிச் சிரிப்பார். அதைக் கண்டுபிடிக்கப் பெரியக்காவுக்கு ஒரு வருடமும் கேப்டனுக்கு ஒரு சொத்தைப் பல்லும் செலவாயின.

குளிப்பாட்டுவதற்கு அங்கே இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தொட்டியை நிரப்பித் தெர்மாமீட்டரால் அளந்து, சுவரில் தொங்கும் தாளில் சூட்டைக் குறிப்பார். மற்றவர் அதைப் பார்த்த பிறகே ஆளை இறக்குவார். பெரியக்கா காலையிலேயே ஆறு கட்டங்களிலும் முப்பத்தெட்டு டிகிரி என்று எழுதிவிடுவாள். ஈரக்கையோடு எழுதினால் தாள் நைந்துபோகிறதே என்பதுதான் காரணம். அளக்காமல் விட்டதில்லை. எட்டு வருடமாகத் தண்ணீரும் அவள் எழுதியபடியே நடந்துகொண்டது.

இப்போது துணைக்கு வந்தவர் புதியவர். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வயதில் நான் அண்ணன், வேலையில் நீங்கள்தான் பெரியக்கா என்பார். அவர் ஒவ்வொருவராகக் கைப்பிடித்து அழைத்துவரும்போது, டிக்கெட் கிழித்தீர்களா என்று அவள் கேலி செய்வாள்.

ஹீட்டரைப் பழுதுபார்த்த மறுநாள். கேப்டனுக்காகத் தொட்டி நிரம்பிய நேரத்தில் அடுத்த அறையில் ஒருவருக்கு வலிப்பு வந்தது. பெரியக்கா ஓடினாள். ஓட்டுநர் கேப்டனோடு வந்து தாளைப் பார்த்தார். முப்பத்தெட்டு. அவர் கையில் தடித்த கையுறை. கேப்டனின் கால்களை உள்ளே இறக்கினார். கேப்டன் சிரித்தார். தண்ணீர் பிடித்துப்போயிற்று என்று நினைத்து ஓட்டுநரும் சிரித்தார். தோல் சிவந்ததைக் கண்டு தூக்குவதற்குள் இரண்டு பாதங்களிலும் கொப்புளம்.

தாள் சரியாக இருக்கிறது, ஆகவே வெந்நீர்க் குழாயை ஓட்டுநர்தான் பிறகு திறந்திருக்க வேண்டும் என்று மேலாளர் முடிவுசெய்தார். வேலையை விட்டு நீக்கும் கடிதம் தயாரானது. குழாயைத் தொடவில்லை என்று முதலில் சொன்ன மனிதர், சாயங்காலத்துக்குள் தெரியாமல் கை பட்டிருக்குமோ என்று தன்னையே சந்தேகிக்க ஆரம்பித்திருந்தார். அதைக் கேட்டுக்கொண்டே பெரியக்கா துண்டுகளை மடித்தாள். அன்று இரவு சாமி படத்தின் முன்னால் நின்றபோதும் அவளுக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் கேப்டனின் அக்கா தன் மகளோடு வந்தாள். தம்பியின் கட்டுப்போட்ட பாதங்களைப் பார்த்துவிட்டு ஓட்டுநரிடம் திரும்பினாள்.

"உங்க கண்ணு எங்க போச்சு?"

அவர் கைகூப்பினார். "மன்னிச்சிடும்மா. என் கூடப்பிறந்தவனா இருந்தா பாத்திருப்பேனோ என்னவோ."

செய்யாத தப்புக்கு ஒரு மனிதர் தலைகுனிவதைப் பெரியக்காவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அண்ணன் எதுவும் பண்ணல. நான் அளக்கவே இல்ல. காலையிலேயே எழுதி வெச்சுட்டேன்."

பதினைந்து வயதாகிவிட்ட அந்தப் பெண் பெரியக்காவையே பார்த்தாள். தம்பியைக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறேன் என்று அழுதாள் அக்கா. பிறகு, பகலெல்லாம் தான் வேலைக்குப் போனால் பூட்டிய வீட்டில் அவனை யார் பார்ப்பது என்று அவளே கேட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கடைசியில் கேப்டன் அங்கேயே இருப்பது என்று முடிவாயிற்று. ஆளை இறக்குபவரே தன் கையால் அளந்து எழுத வேண்டும் என்று மேலாளர் முறையை மாற்றினார். சூடு ஏறாமல் தடுக்கும் குழாய் வந்தது. ஓட்டுநரின் கடிதத்தைக் கிழித்தார்கள். பெரியக்காவைத் துணி துவைக்கும் அறைக்கு மாற்றினார்கள். அவளை யாரும் ஒரு சொல் கடிந்து பேசவில்லை. அதுதான் அவளுக்குக் கனமாக இருந்தது.

மன்னிப்புக் கேட்டதோடு எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்கள், காயப்பட்டவரின் பக்கத்தில் ஒரு வாரம் இருந்து பார்க்க வேண்டும். கேப்டனின் புண் ஆறியது. ஆனால் குளியலறை வாசலுக்கு வந்தாலே தரையில் உட்கார்ந்துவிட்டார். வாளித் தண்ணீரைக் கண்டாலும் கால்களை மடக்கிக்கொண்டார். ஈரத்துணியால் துடைத்துவிட்டார்கள்.

பிற்பகலில் மற்ற ஐவரும் ஓட்டுநரோடு உலாவப் போவார்கள். கேப்டன் மட்டும் ஜன்னலோர நாற்காலியில் இருப்பார். வேலை நேரம் முடிந்து கையெழுத்துப் போட்ட பிறகு பெரியக்கா ஒரு பேசினில் வெதுவெதுப்பான நீர் எடுத்து வருவாள். அளந்து பார்ப்பாள். அவருக்கு எதிரே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, தன் பாதங்களை அதில் வைத்துக்கொள்வாள். வா என்று கூப்பிடுவதில்லை. நீர் ஆறியதும் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போவாள்.

பத்தொன்பதாம் நாள் அவர் செருப்பைக் கழற்றினார். கட்டைவிரலால் நீரைத் தொட்டு, அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒரு பாதம். வெகுநேரம் கழித்து மற்றொன்று. பேசின் சின்னது, நான்கு பாதங்களுக்கு இடம் போதவில்லை. பெரியக்கா தன் கால்களை மெதுவாக வெளியே எடுத்து, நீரை முழுவதும் அவருக்கு விட்டுக்கொடுத்தாள்.